உள்ளே யார் நிற்பது?

ஒரு ரிவிட்டை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் காற்றழுத்தத் துப்பாக்கியை ரிவிட்டின் தலையில் வைத்து அடிப்பார். உள்ளே நிற்பவர் அதன் வால்நுனியில் ஓர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். அடி வெளியே விழும், நசுங்கிப் படிவது உள்ளே நடக்கும். நடுவில் அலுமினியத் தகடு இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர் கட்டையை ஒரு நொடி முந்தி எடுத்துவிட்டால் தகடு நெளிந்துவிடும். அதனால் நானும் அம்மாவும் தகட்டில் தட்டித்தான் பேசிக்கொண்டோம். ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம்.

நாங்கள் அடித்தது 1960களின் நடுவில் செய்யப்பட்ட, 17 அடி நீளமுள்ள ஒரு டிரெய்லர். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் வீடு. ஒஹாயோவில் ஒரு பண்ணையின் பின்புறம் புல்லில் புதைந்து கிடந்ததை வாங்கினேன். இந்த மாதிரி வண்டிகள் எல்லாவற்றுக்கும் வரும் வியாதிதான் அதற்கும். கீழே எஃகுச் சட்டம், மேலே அலுமினியக் கூடு, இரண்டுக்கும் நடுவே பிளைவுட் தரை. கூட்டையும் சட்டத்தையும் இணைக்கும் போல்ட்டுகள் அந்தப் பிளைவுட்டின் வழியாகத்தான் போகின்றன. பின்பக்கம் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போனால் கூடும் சட்டமும் தனித்தனியாகிவிடும். ஈரத்தில் எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அரிப்பு தின்றுவிடும். சுவருக்குள் இருந்த கண்ணாடி நார்ப் பஞ்சில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. கூட்டைத் தூக்கி, சட்டத்தைச் சுரண்டி, தரையைப் புதிதாகப் போட்டு முடிக்க எனக்கு இரண்டு கோடைகாலங்கள் ஆயின.

வேலை கடினம்தான். ஆனால் அதைவிட என்னைப் படுத்தியது ஒரு சொல். இந்த வண்டிகளைச் சீர்செய்கிறவர்கள் வாய்க்கு வாய் சொல்வது 'பழையபடி' என்பதை. பழையபடி விளக்கு, பழையபடி திரைச்சீலை, பழையபடி அடுப்பு. மறைவாக ஒரு திருகாணி மாறியிருந்தால்கூடச் சிலருக்குத் தூக்கம் வராது. பழையபடி என்றால் யாருடைய பழையபடி என்று எனக்குள் கேள்வி எழுந்தது சமையல் மேடையைக் கழற்றியபோதுதான்.

மேடை அதன் இடத்தில் இல்லை. தொழிற்சாலை போட்ட திருகாணித் துளைகள் சுவரில் நான்கு அங்குலம் கீழே காலியாகக் கிடந்தன. மேடைக்கு அடியில் கைரம்பத்தால் அறுத்த நான்கு மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில். யாரோ மேடையை மொத்தமாகத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, பக்கவாட்டில் நீளத் திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள். தச்சு தெரிந்தவர் செய்த வேலை இல்லை. ஆனால் குலுங்கிக் குலுங்கி எத்தனையோ ஆயிரம் மைல் ஓடியும் அசையாமல் நின்றிருந்தது.

அந்த நான்கு அங்குலம் ஏன் என்னை அவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்ல, இந்த அலுமினியம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த வண்டிகளைக் கட்டிய முறை விமானத்தினுடையது. மெல்லிய தகடு, வளைந்த விலா எலும்புகள், வரிசை வரிசையாக ரிவிட். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தை ஆரம்பித்த வாலி பையம் 1936இல் 'கிளிப்பர்' என்ற வண்டியை இப்படித்தான் கொண்டுவந்தார். போர் வந்ததும் அலுமினியம் முழுக்க விமானங்களுக்குப் போனது, பையமும் விமானத் தொழிலுக்கு வேலைக்குப் போனார். அந்த வருடங்களில் விமானங்களுக்கு ரிவிட் அடித்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். 'ரோஸி' என்று உலகமே அறிந்த பெண் அவர்களின் அடையாளம். (கையை மடக்கிக் காட்டும் சுவரொட்டிப் பெண்ணைத்தான் எல்லோரும் ரோஸி என்கிறார்கள். அவளிடம் ரிவிட் துப்பாக்கியே இல்லை. 1943இல் நார்மன் ராக்வெல் வரைந்த ரோஸி அதை மடியில் போட்டுக்கொண்டு சாண்ட்விச் சாப்பிடுகிறாள். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.) அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மகளிர் பிரிவு 1944-45இல் கேட்டபோது, போர்க்கால வேலையிலிருந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் தொடர்ந்து வேலை செய்யவே விரும்பினார்கள். போர் முடிந்தது. விமானத் தொழிற்சாலைகள் சுருங்கின, பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். டல்சாவிலிருந்த ஸ்பார்ட்டன் விமான நிறுவனம் டிரெய்லர் செய்ய ஆரம்பித்தது.

தகடும் அதேதான், ரிவிட்டும் அதேதான். அவள் நிற்கும் இடம் மட்டும் மாறியது. வெளியே துப்பாக்கியோடு நின்றவளுக்கு அதே உலோகத்துக்குள் ஓர் அடுப்படி கட்டிக் கொடுத்தார்கள்.

டிரெய்லர் தரும் விடுதலைகள் நான்கு என்று எழுதினார் பையம். அதில் ஒன்று ஏற்பாடுகளிலிருந்து விடுதலை. அறை பிடிக்க வேண்டாம், உணவகம் தேட வேண்டாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஏற்பாடுகள் எங்கும் போய்விடவில்லை, கைமாறியிருக்கின்றன. ஹோட்டல் செய்துகொண்டிருந்ததை இப்போது வண்டிக்குள் ஒருவர் செய்ய வேண்டும். 1954இல் வந்த 'த லாங், லாங் டிரெய்லர்' படத்தில் லூசில் பால் ஓடும் டிரெய்லருக்குள் இரவுச் சாப்பாடு சமைக்கப் பார்ப்பார். முன்னால் கணவன் நிம்மதியாகக் காரோட்ட, பின்னால் பாத்திரமும் பண்டமும் அவர் மேலேயே கொட்டும். நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். அதை நகைச்சுவைக் காட்சியாக மட்டும் பார்க்க இப்போது முடியவில்லை.

ஆக, பழையபடி ஆக்குவது என்றால் இந்த ஏற்பாட்டையும் சேர்த்துப் பழையபடி ஆக்குவதா? தொழிற்சாலையின் வரைபடத்தில் மேடை ஓர் உயரம். அங்கே தினமும் நின்ற உடம்புக்கு அது ஒத்துவரவில்லை. அந்த உடம்பு எழுதிய ஒரே மறுப்பு அந்த நான்கு கட்டைகள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்புவதைச் சீரமைப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'அவள்' என்று நான் எழுதுவதும் ஒரு ஊகம்தான். உயரமான ஓர் ஆண் அங்கே ஆசையாகச் சமைத்திருக்கலாம். அடுப்படியில் நின்றது பெண்தான் என்று யோசிக்காமலே முடிவுகட்டிவிட்டேன். தெரிந்தே அந்த ஊகத்தை வைத்துக்கொள்கிறேன்.

இந்த நிலையில்தான் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக அம்மா வந்தாள். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே தகடு, ரிவிட், வளைவு என்றுதான் இருக்கும். அம்மா இருபத்தெட்டு வருடம் அந்தப் பட்டறைக்குச் சாப்பாடு கட்டி அனுப்பியிருக்கிறாள். ஒருநாளும் உள்ளே போனதில்லை. போகக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை என்பாள். போகலாம் என்றும் யாரும் சொன்னதில்லை.

அதுவரை ஒற்றை ஆளாக, வெளிப்பக்கத்திலிருந்தே போடக்கூடிய ரிவிட்டுகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வந்ததும் இரும்புக் கட்டையை அவள் கையில் கொடுத்து உள்ளே நிற்கச் சொன்னேன். நான்கு நாள் ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாம் நாள் காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "ஏங்கண்ணு, நானே எதுக்கு உள்ளாற நிக்கோணும்?"

துப்பாக்கி கனம், உனக்குத் தோள்வலி வரும், பழக்கமில்லை என்று வரிசையாகக் காரணம் சொன்னேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்பியவர்களிடமும் நியாயமான காரணங்கள் இருந்திருக்கும். சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே காது கேட்டது. மேடையைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவள், ஒரு கணம்கூட யோசிக்காமல் அம்மாவை உள்ளே நிறுத்தியிருக்கிறேன்.

இடம் மாறிக்கொண்டோம். அம்மா அடித்த முதல் ரிவிட்டில் துப்பாக்கி வழுக்கி, தகட்டில் பிறைபோல ஒரு பள்ளம் விழுந்தது. அது அப்படியே இருக்கட்டும், உன் அடையாளமாக இருக்கும் என்றேன். அம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கோணலா இருக்கறது என்ன அடையாளம்? எடுத்துட்டு வேற குடு." ரிவிட்டைத் துளையிட்டு எடுத்து இரண்டாவதை அடித்தாள். அது நேராக உட்கார்ந்தது. தடயங்களைப் போற்றும் என் தத்துவம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவளுக்கு வேலை சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

கட்டைகளைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "பாவம், இடுப்பு விட்டுப்போயிருக்கும் அவளுக்கு" என்றாள். அவளும் 'அவள்' என்றுதான் சொன்னாள். பிறகு மேடையை அதே உயரத்தில் தற்காலிகமாக நிறுத்தி, அங்கே நின்று வெங்காயம் நறுக்கினாள். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. நானும் ஓர் அங்குலம்தான் கூடுதல். பத்து நிமிடத்தில் தோள் தூக்கிக்கொண்டது. ஒருத்தியின் இடுப்பைக் காப்பாற்றிய உயரம் எங்கள் இருவருக்கும் தோள்வலி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வாதத்தில் அந்த முகம் தெரியாத பெண்ணும் நானும் ஒரே பக்கம். தொழிற்சாலை எதிர்ப்பக்கம். பார்த்தால் தொழிற்சாலையின் உயரமே எனக்குச் சரியாக இருந்தது. அவளுடைய திருத்தத்தைக் காப்பாற்றினால் என் அம்மாவுக்கு வலி. எடுத்தால், அவள் அங்கே இருந்து மறுத்தாள் என்பதற்கிருக்கும் ஒரே சாட்சியை நானே அழித்தவளாவேன்.

மேடையை இறக்கினேன். அவள் சம்பாதித்தது அந்த உயரத்தை இல்லை, மாற்றிக்கொள்ளும் உரிமையை, அதை நானும் எடுத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வாதம்தான். ஆனால் நான் எப்படியும் செய்ய நினைத்த காரியத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வருகிற வாதத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. அவளைக் கேட்க முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இரவில் கேட்டுப் பார்ப்பேன். சில இரவுகள் அவள், வேலையைப் பார் என்பாள். சில இரவுகள் பேச மாட்டாள்.

நான்கு கட்டைகளையும் இருக்கைக்கு அடியில் ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன். அவள் முடுக்கிய திருகாணிகளின் துளைகளைச் சுவரில் அடைக்கவில்லை, மேடைக்கு மேலே இரண்டு பக்கமும் தெரியும். வெளித்தகட்டைக் கண்ணாடிபோல மெருகேற்றச் சொல்லிப் பலரும் நச்சரிக்கிறார்கள். கலப்பு உலோகத்தின் மேல் மெல்லிய சுத்த அலுமினியப் பூச்சு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மெருகுக்கும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகும். அறுபதுகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகள் அப்படிப் பளபளக்கவும் இல்லை. நான் சோப்புத் தண்ணீரில் கழுவுவதோடு சரி.

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் வண்டியைப் பக்கத்து ஏரிவரை ஒருமுறை இழுத்துப் போனோம். அங்கே அவள் மேடைப்பக்கமே போகவில்லை. மடக்கு நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டு, "டீ போடு கண்ணு" என்றாள். உள்ளே போய்ப் போட்டேன்.