சாமை நிலமும் கருவின் மரபணுவும்

கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்துவந்த மேட்டுநிலங்களில் ஒரு தலைமுறைக்குள் மரவள்ளி ஏறிவிட்டது. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன. பயிரை மாற்றியவர்களைக் குறை சொல்ல முடியாது. சாமையை அரிசியாக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. உரலில் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைச் சோறு. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அந்தக் காசுதான் வேண்டியிருந்தது.

ஆனால் நிலத்தை அளக்க ஒரே அளவுகோல்தான் மிஞ்சியது: ஏக்கருக்கு எவ்வளவு? பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, பாலாந்தினை, மூக்காந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று தனித்தனிப் பெயரோடு இருந்த ரகங்கள் அந்த அளவுகோலில் தோற்று அருகிப்போயின. சில ரகங்கள் சீக்கிரம் விளையும், சில நின்று விளையும்; மழை தவறினாலும் ஏதோ ஒன்று கைகொடுக்கும். அந்தக் குணத்துக்குச் சந்தையில் விலை இல்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை தொடங்கி, ஊர் விதை வங்கிகளும் தோல் நீக்கும் இயந்திரங்களும் அமைய உதவியது. அதற்கும் முன்னே, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கொஞ்ச நிலத்தில் விடாமல் விதைத்துவந்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் இல்லையென்றால் மீட்க விதையே இருந்திருக்காது.

மனிதரின் மரபணுவைத் திருத்தலாமா என்று கேட்கும்போது இந்த மலையை நினைக்க வேண்டியிருக்கிறது.

முதலில், எதை மறுக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேரின் ரத்த ஸ்டெம் செல்களில், ரத்தம் உறைவதற்கான மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை செய்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை. கேட்டு, புரிந்துகொண்டு, சம்மதித்த பெரியவர்களின் உடலில் நடந்த மாற்றம் அது. பிள்ளைகளுக்குப் போகாது. வலியில் இருப்பவரிடம் இயற்கையில் கைவைக்காதே என்று சொல்வது கருணையற்ற பேச்சு.

கருவைத் திருத்துவது வேறு. அங்கே சம்மதம் தரவேண்டியவர் இன்னும் பிறக்கவில்லை. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மாற்றத்தைச் சுமப்பார்கள். 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குயி என்ற விஞ்ஞானி, எச்.ஐ.வி. தொற்றாதிருக்க என்று சொல்லி இரட்டைக் குழந்தைகளின் கருவில் சிசிஆர்5 மரபணுவை மாற்றினார். தந்தைக்கு இருந்த அந்தத் தொற்று குழந்தைக்கு வராமல் தடுக்க வேறு பாதுகாப்பான வழிகள் ஏற்கெனவே இருந்தன. அந்த மரபணு வேலை செய்யாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதும் தெரிந்த செய்திதான். ஒரு வாசலை அடைக்க இன்னொரு வாசலைத் திறந்துவிட்டார். அவருக்கு 3 ஆண்டு சிறை கிடைத்தது. குழந்தைகளின் உடலில் நடந்ததைத் தீர்ப்பால் திரும்பப் பெற முடியாது.

நோய் தரும் மரபணு என்று நாம் முத்திரை குத்துவதும் அவ்வளவு எளிய சங்கதி அல்ல. நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. நல்லதா கெட்டதா என்பதை அந்த மனிதர் வாழும் இடமும் காலமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நோயிலேயே இந்த நிலை என்றால், உயரம், நிறம், அறிவுக்கூர்மை என்று ‘மேலான’ பிள்ளையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் அளவுகோலை வைத்திருப்பது யார்? பணமும் அந்தக் காலத்து மோகமும்தான். சிவப்பு நிறத்துக்காகப் பெண் பார்க்கும் சமூகத்தில் இதைக் கற்பனை செய்யவே வேண்டாம்.

பரம்பரை நோயால் ஒரு பிள்ளையை இழந்த பெற்றோரிடம் காத்திருங்கள் என்று சொல்வது கடினம்தான். ஆனால் 2025-இல் பிலடெல்பியாவில், பிறந்து சில மாதங்களே ஆன ஒரு குழந்தைக்கு, அதற்கென்றே உருவாக்கிய மரபணுத் திருத்தச் சிகிச்சை கொடுத்தார்கள். பிறந்த பிறகு குணப்படுத்தும் வழி திறந்துகொண்டிருக்கிறது. பணத்தையும் உழைப்பையும் அந்த வழியில் போடுவதே நியாயம். அமெரிக்காவில் அரிவாள் செல் நோய்க்கு 2023-இல் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அப்போது அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அந்த நோய் அதிகம் வாட்டுவதோ ஏழைகளையும் பழங்குடியினரையும். குணப்படுத்தும் சிகிச்சையே இவர்களுக்கு எட்டாதபோது, வசதியுள்ளவர் பிள்ளைக்கு மெருகேற்றும் ஆராய்ச்சிக்கு முன்னுரிமை கேட்பது அநீதி.

கொல்லிமலையில் இழந்ததை ஓரளவு மீட்க முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் வீட்டில் விதை இருந்ததுதான். மனித இனத்துக்கு அப்படி ஒரு விதைப் பானை கிடையாது. 2019-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பரம்பரைக்குப் போகும் மரபணுத் திருத்தத்தைத் தடைசெய்கின்றன. ஆனால் வழிகாட்டு நெறி சட்டம் ஆகாது. நுட்பம் மலிவாகித் தெருமுனைக் கருத்தரிப்பு மையங்களுக்கு வருமுன், நாடாளுமன்றம் அந்தத் தடையைத் தண்டனையோடு கூடிய சட்டமாக்க வேண்டும்.