ரெண்டுங்கெட்டான்

தமிழில் ஆளை மட்டம் தட்ட எத்தனையோ வார்த்தைகள் உண்டு. முட்டாள், சோம்பேறி, கருமி என்று திட்டினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த ஆள் எதையோ செய்தான், அல்லது செய்யாமல் விட்டான். 'ரெண்டுங்கெட்டான்' என்கிற வசவு மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவன் செய்த குற்றம்தான் என்ன? இந்தப் பக்கமும் முழுசாக இல்லை, அந்தப் பக்கமும் முழுசாக இல்லை. அதற்கு ஒரு வசவா?

எனக்கு ரோஷம் வரக் காரணம் இருக்கிறது. நான் தர்மபுரிக்காரன். எங்கள் மாவட்டமே கொஞ்சம் ரெண்டுங்கெட்டான்தான். 1965 வரை சேலத்தோடு இருந்தது. 2004-ல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து போனது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் நின்று தக்காளிக்குப் பேரம் பேசும். எங்கள் பிள்ளைகள் பலருக்கு சென்னை தூரம், பெங்களூர் பக்கம். படித்து முடித்ததும் அந்தப் பக்கம்தான் பஸ் ஏறுகிறார்கள்.

அப்படி பஸ் ஏறியவர்களில் ஒருவன் என் அக்கா மகன். லீவுக்கு வந்தவன் ஒரு நாள் தன் ஹெட்போனை என் தலையில் மாட்டி, "அஞ்சு நிமிஷம் மாமா. பிடிக்கலைன்னா கழட்டிடுங்க" என்றான்.

கனமான கிடார்கள். தேர் நகர்கிற மாதிரி ஒரு நடை. பிறகு ஓர் ஆண் குரல். பாட்டு என்று சொல்ல முடியாது, அடித்தொண்டையிலிருந்து வருகிற உறுமல். "என்னடா, ஆளைக் கிணத்துல எறக்கிப் பாட வெச்சாங்களா?" என்றேன். "இருங்க மாமா" என்றான். இருந்தேன். பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அலட்டிக்கொள்ளாத, தெளிந்த குரல். அது வந்து போன பிறகு அந்த உறுமலைக் கேட்டால், கோபத்துக்கு அடியில் துக்கமும் இருப்பது காதில் விழுந்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் இன்னொன்று அரைகுறையாகத்தான் இருந்திருக்கும்.

நெதர்லாந்தில் ஒஸ் என்று ஒரு சின்ன நகரம். அங்கே ஹான்ஸ் ருட்டன், ரெனே ருட்டன் என்ற அண்ணன் தம்பி 1989-ல் தொடங்கிய குழு 'தி கேதரிங்'. அவர்களின் முதல் ஆல்பம் 'ஆல்வேஸ்', 1992-ல் வந்தது. உறுமியவர் பார்ட் ஸ்மிட்ஸ். அந்தப் பெண் குரல் மரிகே க்ரோட்டுடையது. இதற்கு ஒரு வருஷம் முன்புதான் இங்கிலாந்தின் 'பாரடைஸ் லாஸ்ட்' குழு, முரட்டு ஆண் குரலுக்கு நடுவே ஒரு பெண் குரலை வைத்து 'காதிக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. பிறகு 'காதிக் மெட்டல்' என்று ஒரு வகைக்கே அது பெயரானது. 1995-ல் நார்வேயின் 'தியேட்டர் ஆஃப் டிராஜெடி' வந்து இந்த இரட்டைக் குரலையே தன் பாணியாக்கிக்கொண்டது. 'அழகியும் அரக்கனும்' என்று ரசிகர்கள் இந்தப் பாணிக்குச் செல்லப் பெயர் வைத்தார்கள். பெயரும் புகழும் இவர்களுக்குப் போயிற்று. 'ஆல்வேஸ்' ஓரமாக நின்றுவிட்டது.

'தி கேதரிங்' தோற்றுப்போகவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஸ்மிட்ஸும் விலகினார், மரிகேவும் விலகினார். 1993-ல் வேறோர் ஆண், வேறொரு பெண் என்று இரண்டாவது ஆல்பம் போட்டார்கள். அந்த ஆண் குரலைப் பலரும் கரித்துக் கொட்டினார்கள். 1995-ல் மூன்றாவது ஆல்பமான 'மாண்டிலியன்' வந்தது. ஆண் குரலுக்கு ஆளே தேடவில்லை. அன்னகே வான் கியர்ஸ்பெர்கன் என்ற பெண் மட்டும் பாடினார். அற்புதமான குரல். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஏறுமுகம். இன்று அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் ரசிகர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் ஆல்பம் ஏதோ ஒத்திகை மாதிரி ஆகிவிட்டது.

பி.காம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓடுகிற சரக்கை வைத்துக்கொள், ஓடாததைக் கழித்துவிடு. கையிருப்புச் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்று எங்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள்: அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அது. கடைக்கு அது நல்ல விதி. கடைக்காரன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் காப்பாற்றும். ஆனால், நமக்குள் இருப்பதையும் இதே விதியை வைத்து மதிப்பிடலாமா? சந்தையில் விலை போகாத பாதியை, 'இது என்னுடையதே இல்லை' என்று கழித்துவிடலாமா?

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். துகிலுரிதல் அன்று கூட்டம் தாங்காது. பாஞ்சாலி வேஷம் கட்டுவதும் ஆண்தான். அவர் உச்சத்தில் அழுவார். துச்சாதனன் கட்டைக் குரலில் கொக்கரிப்பான். இன்னொன்றும் உண்டு. சேலையில் கை வைப்பதற்கு முன், துச்சாதன வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் கொளுத்துகிற வழக்கம் கூத்தில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பாரே தவிர, முரட்டுக் குரலை விடமாட்டார். அது இல்லாவிட்டால் பாஞ்சாலியின் கூந்தல் சபதத்துக்கு அர்த்தமே இல்லை. அதே கட்டைக் குரலில்தான் பீமனும் சபதம் போடுகிறான். முரட்டுக் குரல் என்றால் அரக்கன் குரல் என்று கூத்து நினைக்கவில்லை.

படித்தவர்கள் அந்தக் கூத்தையே ரொம்ப காலம் 'காட்டுக் கத்தல்' என்று ஒதுக்கினார்கள். 'கூத்தாடி' என்பது இன்றும் வசவுதான். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமி போன்றவர்கள் வந்து, 'ஐயா, இது நம் நாடகம்' என்று மாநகரத்துக்குச் சொல்லவேண்டியிருந்தது. கூத்து அதே கூத்துதான். கேட்கிற காதுதான் புதுசாக வந்து சேர்ந்தது.

என் அக்கா மகனுக்கும் இரண்டு குரல்கள் உண்டு. ஆபீஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ஒரு தடவை அவன் ஆபீஸில் இருந்தபோது அக்கா போன் செய்திருக்கிறாள். பக்கத்தில் ஆட்கள். "சொல்லுங்க... ஐ வில் கால் யூ பேக்" என்று வைத்துவிட்டான். "ராங் நம்பரோன்னு நெனச்சுட்டேன்டா" என்றாள் அக்கா என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவனிடம் கேட்டேன். "உங்களுக்கென்ன மாமா? நான் நம்ம ஊர் மாதிரி பேச ஆரம்பிச்சா, நான் சொல்ற விஷயத்தை விட்டுட்டு 'எந்த ஊரு?'ன்னுதான் கேக்கறாங்க" என்றான். நியாயம்தான். பிழைப்புக்காக ஒரு குரலைக் கற்றுக்கொள்வது துரோகம் இல்லை. எல்லா ஊர்க்காரர்களும் எல்லாக் காலத்திலும் செய்ததுதான். வீட்டில் இருக்கும்போதும் அந்தப் பழைய குரல் கூச்சமாகிப் போனால்தான் நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

ஆனால், அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? 'ஒன்றாக இரு, இல்லாவிட்டால் ஓரமாக இரு' என்று சொல்கிறவர்கள் யார்? நாம்தானே! உறுமல் பிடித்தவருக்குப் பெண் குரல் வந்தால் சலிப்பு. மெலடி பிடித்தவருக்கு உறுமல் என்றாலே அலர்ஜி. ஒரு குரலை மட்டும் கேட்கப் பழகிய காது, இரண்டு குரலோடு வருகிறவனுக்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர் வைக்கிறது. கெட்டுப்போனது அவனிடம் இருப்பது இல்லை, நம் பொறுமை. ஒரு மனுஷனை முழுசாகக் கேட்க அஞ்சு நிமிஷம் ஒதுக்க முடியாத நாம்தான் அவனைப் பாதியாக வரச் சொல்கிறோம்.

2014-ல் 'தி கேதரிங்' தன் 25-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. அந்த மேடைக்கு அன்னகே வந்தார். கூடவே, முதல் ஆல்பத்தில் பாடிய பார்ட் ஸ்மிட்ஸும் மரிகே க்ரோட்டும் வந்தார்கள். 22 வருஷம் கழித்து, சொந்தக் குழு அந்த இரண்டு குரலையும் கூப்பிட்டு நிற்க வைத்தது. அடுத்த தடவை உங்கள் பிள்ளை ஆபீஸ் குரலில் போனை எடுத்தால் கோபப்படாதீர்கள். ராத்திரி வீட்டுக் குரலில் திரும்பக் கூப்பிடுவான். அப்போது அவசரமில்லாமல் எடுத்துப் பேசுங்கள்.