அவள் இல்லாத அறையில்

என் மருமகளைப் பற்றி நான் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவள் வேலை முடிந்து இரவு எட்டரைக்கு வந்தால் சூடாகத் தோசை வார்த்துக் கொடுப்பேன். அவளுடைய அம்மா வந்தால் என் அறையை விட்டுக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்வேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள், பெண்ணியம் படித்தவள், கூட்டங்களுக்குப் போகிறவள் என்பதால் இப்படி நடந்துகொள்வது எனக்கு இயல்பாகவே வருகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. காப்பி குடித்த டம்ளரை சோபாவின் கைப்பிடியிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். போனில் பேசும்போது தெருவுக்கே கேட்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தட்டில் கையை உதறுகிறாள். மாதம் பிறந்தால் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறாள். கடைசியாகச் சொன்னது குற்றமே இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்குப் பணம் அனுப்பியவள்தான், அதுவும் ஒளித்து. இருந்தும் அதுவும் நோட்டில் ஏறியது.

தினமும் மதியம் மூன்று மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து அக்கா போன் செய்வாள். அவளும் என் மருமகளைக் குறை சொன்னதில்லை. கேள்விதான் கேட்பாள். "சம்பளத்த யாருகிட்ட குடுக்கா?" நான் பதில் சொல்வேன். "ஓ" என்பாள். பிறகு ஒரு மௌனம். "சரி, நமக்கென்ன, நான் ஒண்ணும் சொல்லலை. நீ பாத்துக்கோ." அவ்வளவுதான். போனை வைத்த பிறகு அந்த மௌனத்தை நான் நிரப்புவேன். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, அக்கா சொல்லாமல் விட்டதை நானே வாக்கியமாக்குவேன். ஒருவர் நேரடியாகக் கோள் சொன்னால் 'இவருக்கு ஏன் இந்த அக்கறை' என்று கேட்கத் தோன்றும். பாதியில் நிறுத்திவிட்டால், மீதியை நாம் முடித்துவிடுகிறோம். முடித்தது நாம் என்பதால் அதை நம் சொந்தச் சிந்தனை என்று எடுத்துக்கொள்கிறோம். சொந்தச் சிந்தனையை யார் சந்தேகப்படுகிறார்கள்?

அந்த ஆண்டு ஒரு நாள் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த டியூஷன் பணத்தை எண்ணினேன். 6,000 ரூபாய் இருக்க வேண்டும். 4,000தான் இருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. 11 நாட்கள் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவளிடம் எப்போதையும்விட அன்பாக நடந்துகொண்டேன், சந்தேகம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று. அவள் புதுச் செருப்பு போட்டு வந்தாள். சரி, 2,000 என்று நினைத்தேன். அவள் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். சரி என்று நினைத்தேன். ஒரு நாள் சீக்கிரம் வந்து எனக்குக் கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். 'நடிக்கிறாள்' என்ற சொல் என் மனதில் தானாக வந்து உட்கார்ந்தது.

அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தேன் என்று பின்னால் யோசித்தேன். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எங்கள் வீட்டில் டிவி ஓடும். நான் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்ப்பேன். தொடர்களில் தனியாக நிற்கும் பெண் வாய் திறக்காமல் பேசுவாள். அவளுடைய மனக்குரல் நமக்குக் கேட்கும். அந்தக் குரல் அநேகமாகச் சதித்திட்டம். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்பதுதான் பெண் என்று இரவுக்கு இரவு சொல்லித் தருகிறார்கள். தொடர் பார்த்துத்தான் கெட்டுப்போனேன் என்று சொல்ல மாட்டேன், அது மிக வசதியான சாக்கு. என் சந்தேகத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதைக் கையில் கொடுத்தது அது.

பன்னிரண்டாம் நாள் சீட்டுப் பணம் கட்டப் போனேன். சீட்டு பிடிக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்து, "போன வாரத்துக்கு முந்தி நான் ஊருக்குப் போறேன்னு வந்து கேட்டதும் குடுத்துட்டீங்களே டீச்சர்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். 2,000 ரூபாய். பக்கத்தில் என் கையெழுத்து.

அப்போது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். ஏதோ கையிலிருந்து பிடுங்கப்பட்டது போல. அவள் எடுத்திருக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த வருத்தத்துக்காகத்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்றும் தெரிந்தது. பீரோச் சாவி சுவரில் ஆணியில் தொங்கும். என் கணவர் எடுக்கலாம், மகன் எடுக்கலாம். மகன் அந்த மாதம் கைக்காசு இல்லை என்று என்னிடமே சொல்லியிருந்தான். 11 நாட்களில் ஒரு தடவைகூட அந்த இரண்டு பேர் பக்கம் என் மனம் திரும்பவில்லை. யோசித்து விலக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. யோசிக்கவே இல்லை. சந்தேகம் என்ற தண்ணீர் ஓட எனக்குள் ஒரே ஒரு வாய்க்கால்தான் வெட்டப்பட்டிருந்தது. அது வீட்டுக்கு வந்த பெண்ணை நோக்கிப் போனது. அந்த வாய்க்காலை என் அக்கா வெட்டவில்லை, அவளுக்கும் முன்னால் வெட்டியது. என்னையும் ஒரு காலத்தில் ஒரு மாமியார் அப்படித்தான் பார்த்தார். ஒரு கூரையின் கீழ் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று இருவருமே கேட்கப் போவதில்லை. எங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

சரி, தவறு என்ன நடந்தது? பணம் போகவில்லை. யாரையும் திட்டவில்லை. அவளுக்குத் தெரியாது. நடத்தையைத்தான் நல்லது கெட்டது என்று சொல்ல முடியும், நினைப்பை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஐரிஸ் மர்டாக்தான் விடவில்லை.

டப்ளினில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த நாவலாசிரியர் அவர். 1970இல் வந்த 'த சாவ்ரின்ட்டி ஆஃப் குட்' என்ற சிறிய நூலில் ஓர் உதாரணம் வருகிறது. அது மாமியார் மருமகள் உதாரணம் என்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, இங்கிலாந்திலும் இதுதானா! அந்த மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. நாகரிகம் போதாது, சின்னப் பிள்ளைத்தனம், மகன் தரத்துக்குக் கீழே கட்டிக்கொண்டான் என்று நினைக்கிறாள். ஆனால் முதல் நாளிலிருந்து அவளிடம் அருமையாக நடந்துகொள்கிறாள். மருமகள் வெளிநாடு போய்விட்டாள் அல்லது இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மர்டாக். இனி வெளியே மாறுவதற்கு எதுவும் இல்லை. அந்த நிலையில் மாமியார் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள்: நான் பழைய ஆள், எனக்கு முன்முடிவு இருக்கலாம், பொறாமை நிச்சயமாக இருக்கிறது, மறுபடி பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க, மட்டமாகத் தெரிந்தது எளிமையாகத் தெரிகிறது. சத்தமாகத் தெரிந்தது உற்சாகமாகத் தெரிகிறது. வெளியே ஒரு துரும்பும் அசையவில்லை. ஆனாலும் அந்தப் பெண் ஒரு காரியம் செய்திருக்கிறாள், அவள் இப்போது வேறு ஆள் என்கிறார் மர்டாக். நாம் எதைச் செய்வோம் என்பது முடிவெடுக்கும் அந்த ஒரு கணத்தில் பிறப்பதில்லை. அதற்கு முன் பல நாட்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதிலேயே பெரும்பகுதி முடிந்துபோகிறது. கவனிப்பு என்ற இந்தக் கருத்தை அவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்லிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளில், ஆன்மாவில் நினைப்புகளின் சாயம் ஏறும் என்கிறார். மதுரையில் சுங்குடி போடும் தெருவுக்கு அருகில் வாழ்கிறவளுக்கு இது எளிதில் புரிகிறது. துணியில் நூலால் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, பிரித்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. மனதிலும் அப்படிச் சில முடிச்சுகள் போட்டுவைக்கலாம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் அந்த முடிச்சுகளைப் போடும் பெண்களின் விரல்நுனியைப் பார்த்திருக்கிறேன். உவமைக்காக மட்டும் அவர்களைக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

மர்டாக்கை மாணவிகளிடம் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும், வரவேண்டும். 'நினைப்பை மாற்று, எல்லாம் மாறும்' என்று பெண்களிடம்தானே காலம் காலமாகச் சொல்கிறார்கள்? என் அம்மாவுக்குச் சொன்னார்கள். அப்பா கைநீட்டுகிறவர். பாட்டி அம்மாவிடம், "நல்லதையே நினை, மனச நல்லா வச்சுக்கோ" என்பார். அம்மா மிக உழைத்து மனதை நல்லபடி வைத்துக்கொண்டாள். கடைசிக் காலத்தில் எங்களிடம், "அவரு கை ஓங்குவாரே தவிர மனசு தங்கம்" என்றாள். அதுவும் நினைப்பு குணமான கதைதான். அனுசரணை, அடக்கம், பொறுமை என்று அவளுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட சொற்களை வைத்துத்தானே அவளால் நினைக்க முடியும்? 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைப் பெரியார் கற்பு என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்கியது சும்மா இல்லை. சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டவருக்கு விலங்கு தனியாகப் போட வேண்டியதில்லை.

ஆகவே 'மறுபடி பார்' என்பதை 'நல்லதாகப் பார்' என்று படித்தால் நாசம். உள்ளபடி பார்ப்பது வேறு. என் மருமகளை உள்ளபடி பார்த்திருந்தால் களைத்துப்போன ஒரு பெண் தெரிந்திருப்பாள். என் அம்மா என் அப்பாவை உள்ளபடி பார்த்திருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பாள்.

என் பழைய மாணவி ஒருத்தி இரண்டு வருடம் முன் வீட்டுக்கு வந்தாள். நிச்சயமாகியிருந்தது. அவன் அவளுடைய போன் பாஸ்வேர்டைக் கேட்கிறான், எங்கே இருக்கிறாள் என்று லொகேஷன் அனுப்பச் சொல்கிறான், சொன்னதைச் சொல்லவில்லை என்கிறான், சொல்லாததைச் சொன்னாய் என்கிறான். "அக்கறைதான் மிஸ். நான்தான் ஓவரா யோசிக்கிறேன் போல." எனக்கு 'கேஸ் லைட்' நாடகம் நினைவுக்கு வந்தது. பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதியது. இங்கிரிட் பெர்க்மன் நடித்து 1944இல் படமாகவும் வந்தது. கணவன் மாடியில் ரகசியமாக நகையைத் தேடும்போது கீழே கேஸ் விளக்கு மங்குகிறது. மனைவி அதைப் பார்க்கிறாள். அவளுக்குப் புத்தி பிசகுகிறது என்று அவன் அவளையே நம்பவைக்கிறான். அவளை மீட்பது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவருக்கும் விளக்கு மங்குவது தெரிகிறது, அவ்வளவுதான்.

அவனைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை. ஒரு நோட்டு கொடுத்தேன். தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுது. 'அக்கறை', 'கோபம்', 'என் தப்பு' என்று எந்தப் பெயரும் வைக்காதே என்றேன். ஆறு வாரம் கழித்து நோட்டோடு வந்தாள். நான் படிக்கவில்லை. அவளே படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

விளக்கு மங்குவதைப் பார்த்த இரண்டாவது ஆள் வேண்டும் என்று சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. எனக்கும் ஓர் இரண்டாவது ஆள் இருந்தாளே, மூன்று மணிக்குப் போன் செய்துகொண்டு. மாணவிக்கு நான் என்னவாக இருந்தேனோ, அதுதான் எனக்கு என் அக்கா என்று அவளும் நினைத்திருப்பாள். வித்தியாசம் எங்கே? நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் எல்லா இடத்திலும் செல்லுமா என்று தெரியாது. மாணவி எழுதியதில் ஒவ்வொரு வரியையும் அந்தப் பையனிடம் படித்துக்காட்ட முடியும். அவன் கோபப்படலாம், ஆனால் நடந்தது நடந்ததுதான். நானும் அக்காவும் பேசியதில் ஒரு வரியையும் என் மருமகள் இருக்கும் அறையில் பேச முடியாது. பேசினால் அவள் ஒரு பதில் சொல்வாள், அத்தோடு எல்லாம் கலைந்துவிடும். அவள் இல்லாத அறையில் மட்டுமே உயிர்வாழ்ந்த நினைப்பு அது.

இப்போது அக்கா "ஓ" என்று இழுத்தால், "இரு, அவ இங்கதான் இருக்கா, ஸ்பீக்கர்ல போடறேன்" என்கிறேன். முதல் தடவை விளையாட்டு என்று நினைத்தாள். இப்போது போன் தினமும் வருவதில்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. மூன்று மணி ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது. அறுபது வருட உறவு. எனக்கு அது வலிக்கிறது.

போன வருடம் மருமகளிடம் அந்த 11 நாட்களைச் சொன்னேன். சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொஞ்சநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாரம் எனக்கு ஞாபகம் இருக்கு அத்தை. ரொம்பப் பாசமா இருந்தீங்க. அல்வாகூட வாங்கிட்டு வந்தீங்க. எங்கம்மாகிட்ட போன்ல அதத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

நடத்தை பிசகவில்லை என்று நான் நினைத்திருந்தேனே, அதுகூட மிச்சமில்லை. இப்போதும் நான் அவள் தட்டில் எதையாவது கேட்காமல் கூடுதலாக வைத்தால், ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு சாப்பிடுகிறாள்.