மரபணுவும் ஊழும்

கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாறுபாடு பிறப்பிலேயே உடன்வருவது. யாரும் அதைக் கேட்டுப் பெறுவதில்லை. வேண்டாம் என்று கழற்றிவைக்கவும் முடியாது. ஊழ் என்ற சொல்லுக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பொருளும் ஏறக்குறைய இதுவே. ஆகவே மரபணு என்பது ஊழின் புதுப் பெயர்தானா என்ற கேள்வி எழுகிறது. ஆய்வுக்கூடத்தின் விடை இதற்குத் தேவை. அது மட்டுமே போதாது.

ஊழைப் பற்றித் தமிழ் மரபு ஒரே குரலில் பேசியதில்லை. எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சி அதில் எதையும் மாற்றாது என்றனர் ஆசீவகர். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் அவர்கள் கொள்கையும் இடம்பெறுகிறது. செய்த வினைதான் பயனாக விளைகிறது, புதிய வினையைச் செய்வதும் தவிர்ப்பதும் மனிதர் கையில் உள்ளது என்று சமணரும் பௌத்தரும் அதை மறுத்தனர். திருக்குறளோ 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லி, 62ஆம் அதிகாரத்தில் தளராத முயற்சியைப் போற்றுகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்ததை முரண்பாடு என்று தள்ளிவிடக் கூடாது. மரபணு பற்றிய இன்றைய அறிவு அந்த வைப்புமுறைக்கு மிக நெருங்கி வருகிறது.

ஹீமோகுரோமடோசிஸ் என்ற நோய் இதற்குத் தெளிவான சான்று. வடஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் இதற்குக் காரணமான எச்எஃப்இ மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறுபட்ட படியைப் பெற்றவரின் குடல், உணவிலுள்ள இரும்புச்சத்தைத் தேவைக்கு மேல் உறிஞ்சுகிறது. உடலுக்கு அதை வெளியேற்றத் தனி வழி இல்லை. பல ஆண்டுகளாக ஈரலில் தேங்கும் இரும்பு, ஈரலைத் தழும்பேறி இறுகச் செய்து, சிலரிடம் புற்றுநோயில் முடிகிறது. ஆனால் இரண்டு படிகளையும் பெற்ற பலர் கடும் நோயைக் காணாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பெண்களிடம் நோய் பிந்தியும் குறைந்தும் தோன்றுகிறது. சிகிச்சையும் அதே வழியில்தான்: குறித்த இடைவெளியில் இரத்தம் எடுத்துவிடுவது. ஈரல் இறுகும் முன்பே அதைத் தொடங்கினால் ஆயுள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே அமைகிறது. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விளைவு மாறிவிட்டது. ஆசீவகரின் நியதிக்கு இங்கே இடமில்லை.

பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு இன்னும் நுட்பமான பாடம் தருகிறது. அதன் புரதத்தில் 148ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறியிருந்தால் ஈரலில் கொழுப்பு கரையாமல் தேங்கும் என்பது, அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஆய்விலிருந்து 2008இல் வெளிப்பட்டது. உடல் பருமனும் மதுவும் சேரும்போது இந்த மாறுபாட்டின் கேடு பெருகுகிறது. அதே மாறுபாடு இதயத் தமனி நோயின் வாய்ப்பைச் சற்றே குறைப்பதாகவும் தெரிகிறது. ஒரே எழுத்து ஈரலுக்குக் கெடுதலும் இதயத்துக்குச் சிறு நன்மையும் செய்யுமானால், அதை முற்பிறவித் தண்டனை என்று படிப்பது பொருந்தாது.

பழி சுமத்தும் கேள்வி இதைவிடக் கடினமானது. இருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு குடிக்கின்றனர். மாறுபாடு உள்ளவருக்கு ஈரல் இறுகிப் புற்றுநோய் வருகிறது. மற்றவர் முதுமையில் இயல்பாக மறைகிறார். தேடிக்கொண்ட வினை என்று ஊர் சொல்வது முதலாமவரை மட்டுமே. தன் கையில் இல்லாத ஒன்று ஒருவரை நல்லவராகவோ தீயவராகவோ காட்டிவிடுவதை ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ என்ற பெயரில் 1976இல் மெய்யியலாளர்களான பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதித்தனர். குடித்தது குற்றமானால் இருவரும் சம அளவில் குற்றவாளிகள். கூடுதல் பழி செயலை அளப்பதில்லை, நோயை அளக்கிறது, அது அநீதி. குடிக்கவே குடிக்காமல் ஈரல் நோய்க்கு ஆளானவர்மீதும் அதே சந்தேகப் பார்வை விழுவது அந்த அநீதியின் நீட்சி.

அறிந்த பின் வரும் பொறுப்பு வேறு வகையானது. ஹீமோகுரோமடோசிஸ் ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே இரண்டு படிகள் இருக்கக் குறைந்தது 4இல் 1 வாய்ப்பு உண்டு. எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மாறுபாட்டைப் பெற்றதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குச் சொல்லாமல் மறைத்தால், அந்த மறைப்புக்கு அவரே பொறுப்பாளி.