நல்லவன் போடும் வேஷம்

உலகத்தில் வேஷம் போடுகிறவர்கள் இரண்டு வகை. செய்த தீமையை மறைப்பதற்காக வேஷம் போடுகிறவர்கள் ஒரு வகை. இவர்கள் விஷயத்தில் கதை எழுதுகிறவனுக்கும் குழப்பம் இல்லை, படிக்கிறவர்களுக்கும் குழப்பம் இல்லை. வேஷம் கலைகிற கடைசி அத்தியாயத்தை எதிர்பார்த்துத்தான் அந்தக் கதைகளை நாம் படிக்கிறோம். செய்கிற நன்மையை மறைப்பதற்காக வேஷம் போடுகிறவர்கள் இன்னொரு வகை. இங்கேதான் மனம் தடுமாறுகிறது. பொய் பொய்தானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது; தனக்காகவா சொன்னான், பாவம் என்று மறுபக்கம் தோன்றுகிறது.

இந்தத் தடுமாற்றத்தையே மூலதனமாக வைத்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிற ஓர் இலக்கியம் உண்டு. அமெரிக்கச் சித்திரக்கதைகளைத்தான் சொல்கிறேன். இலக்கியம் என்று அவற்றை அழைப்பதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளைகள் படித்துவிட்டுக் கிழித்துப்போடும் காகிதம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பெரியவர்கள் கேட்கக் கூசுகிற கேள்விகளைப் பல சமயங்களில் பிள்ளைகளின் கதைகளே கேட்டுவிடுகின்றன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

1938-ஆம் ஆண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வானத்தில் பறந்து மக்களைக் காப்பாற்றுகிற அந்த மாவீரன், மற்ற நேரங்களில் கிளார்க் கென்ட் என்னும் பத்திரிகை நிருபன். மூக்குக் கண்ணாடி, கூச்ச சுபாவம், ஆபத்து என்றால் ஒதுங்கிக்கொள்கிற பயந்த தோற்றம். அதே பத்திரிகையில் வேலை செய்யும் லோயிஸ் லேன் சூப்பர்மேனை நேசிக்கிறாள்; பக்கத்து மேஜையில் இருக்கும் கிளார்க்கை ஏளனம் செய்கிறாள். ஒரே மனிதனை ஒரே பெண் ஒரே நாளில் நேசிக்கவும் இகழவும் செய்கிற இந்த வேடிக்கையில் வாசகர்கள் மயங்கிப்போனார்கள். உண்மையைக் கண்டுபிடிக்க லோயிஸ் தந்திரம் செய்வதும், அவளை ஏமாற்ற அவன் எதிர்த் தந்திரம் செய்வதுமாகவே எத்தனையோ இதழ்கள் ஓடின.

வேடிக்கைதான். ஆனால் சற்று நிறுத்தி யோசித்தால், உண்மையைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண், பக்கத்தில் இருக்கிறவனாலேயே வருஷக் கணக்கில் ஏமாற்றப்படுகிறாள் அல்லவா? அவளுடைய கண்ணையும் அறிவையும் அவளே சந்தேகிக்கும்படி செய்கிறான் அவன். இதற்குக் கேட்டால், எல்லா முகமூடி வீரர்களிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. 'நான் யாரென்று தெரிந்தால் என் பகைவர்கள் எனக்கு வேண்டியவர்களைத் தாக்குவார்கள். அவர்களுக்காகத்தான் மறைக்கிறேன்.'

இந்தப் பதில் முழுப் பொய் அல்ல. தெருவுக்குத் தெரிந்தால் ஆபத்து என்பது உண்மை. ஆனால் தெருவுக்குத் தெரியக் கூடாது என்பதிலிருந்து வீட்டுக்கும் தெரியக் கூடாது என்பது எப்படி வந்தது? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வீரர்கள் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறார்கள்.

சூப்பர்மேனுக்கும் முன்னோடி ஒருவன் உண்டு. பாரனஸ் ஆர்க்ஸி எழுதி 1905-இல் வெளிவந்த 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' நாவலில், பிரெஞ்சுப் புரட்சியின்போது கொலைக் கருவியிடமிருந்து பலரை மீட்கிறான் ஓர் ஆங்கிலப் பிரபு. வெளியுலகுக்கு அவன் உடை அலங்காரத்தில் மூழ்கிய ஓர் அசடு. மனைவிக்கும் அப்படித்தான். அவள்மீது அவனுக்கு ஒரு சந்தேகம், அதனால் சொல்லவில்லை. என்ன நடக்கிறது? பகைவன் அவளிடம் வருகிறான். உன் அண்ணனைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த மர்ம வீரன் யாரென்று கண்டுபிடித்துக் கொடு என்கிறான். அவளும் துப்புக் கொடுக்கிறாள். தான் காட்டிக்கொடுத்தது தன் கணவனை என்று பிறகுதான் தெரிகிறது. இரகசியம் தெரிந்திருந்தால் அவள் உயிரைக் கொடுத்தாவது காத்திருப்பாள். தெரியாததால் தன் கையாலேயே கண்ணி வைத்தாள். அறியாமையும் ஓர் ஆபத்து என்று அந்த நாவல் அன்றைக்கே சொல்லிவிட்டது.

சித்திரக்கதையில் இதைவிடக் கொடிய உதாரணம் ஒன்று உண்டு. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் படைத்த ஸ்பைடர்மேன், பீட்டர் பார்க்கர் என்னும் ஏழைப் பையன். அவன் காதலி க்வென் ஸ்டேசிக்கு அவனுடைய இரகசியம் தெரியாது. அவன் பகைவன் நார்மன் ஆஸ்போர்னுக்குத் தெரியும்! 1973-ஆம் ஆண்டு வந்த இதழில் அவளைப் பாலத்தின் உச்சிக்குத் தூக்கிப் போகிறான் அவன். அவள் சாகிறாள். எதற்காகச் சாகிறோம் என்பதைக்கூட அறியாமல் சாகிறாள். யாரைக் காப்பதற்காக இரகசியம் வைக்கப்பட்டதோ அவளிடம் மட்டும் அது பத்திரமாக இருந்தது. யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவனிடம் பத்திரமாக இல்லை. தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவனோடு பழகுவதா விலகுவதா என்று தீர்மானிக்கிற உரிமையாவது அவளுக்குக் கிடைத்திருக்கும். அவளுடைய உயிரை வைத்து ஆடிய ஆட்டத்தில் அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் பங்கு இருந்தது.

ஆபத்தைக் கூட விட்டுவிடுவோம். ஆபத்தே வராத நாட்களில் இரகசியம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது? பீட்டரை வளர்த்தவள் அவன் அத்தை மே. அவள் கணவர் பென்னை ஒரு திருடன் கொன்றான். அதே திருடனை அதற்கு முன்பு பிடிக்கும் வாய்ப்பு பீட்டருக்கு இருந்தது. எனக்கென்ன என்று விட்டுவிட்டான். அந்தக் குற்ற உணர்வுதான் அவனை வீரனாக்கியது. இதை அவன் அத்தையிடம் சொல்லவில்லை. பத்திரிகைக் கணக்கில் நாற்பது வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு நாள், காயங்களோடு அவன் உறங்கிக் கிடப்பதைக் கண்டு அத்தை எல்லாம் தெரிந்துகொள்கிறாள். 2002-இல் வந்த ஓர் இதழ் முழுவதும் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டை இல்லை, பறத்தல் இல்லை, பேச்சு மட்டும்தான். பையன் தன் குற்றத்தைச் சொல்கிறான். அப்போது அத்தை தன் மனத்தில் இருந்ததைச் சொல்கிறாள். அன்றிரவு தனக்கும் கணவருக்கும் வாக்குவாதம் வந்ததென்றும், அதனால்தான் அவர் வெளியே போனாரென்றும், அவர் சாவுக்குத் தானே காரணம் என்றும் அவளும் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர். ஒரே சாவு. இருவரும் தனித்தனியே அதே சிலுவையைச் சுமந்திருக்கிறார்கள். அவன் வாய் திறந்திருந்தால் அவளுடைய பாரமும் இறங்கியிருக்கும். அவளைத் துன்பத்திலிருந்து காப்பதாக எண்ணி, அவளுக்குத் துணை இல்லாமல் செய்துவிட்டான். ஆயிரம் வில்லன்களோடு அவன் போட்ட சண்டைகளைவிட, இருவருக்கும் இடையே நடந்த இந்தப் பேச்சுதான் எனக்குப் பெரிய வீரமாகப் படுகிறது.

அப்படியானால் முகமூடியைக் கழற்றி நாற்சந்தியில் எறிந்துவிட வேண்டியதுதானா? அவசரப்படக் கூடாது. அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2006-இல் இதே பீட்டர், நிருபர்கள் கூடிய சபையில் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொன்னான். அத்தையையும் மனைவி மேரி ஜேனையும் கலந்துகொண்டுதான் செய்தான். ஆனாலும் அடுத்த ஆண்டு வந்த கதையில், அவனுக்கு வைத்த குறி தப்பி அத்தைமேல் குண்டு பாய்ந்தது. வீட்டாரிடம் சொல்வது வேறு, ஊரிடம் சொல்வது வேறு. வீட்டார் நம் பாரத்தில் பங்கு கேட்கிறார்கள். ஊர் கேட்பது செய்தி. அந்தச் செய்தியைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. வள்ளுவரும் வாய்மையை அளக்கும்போது, சொன்னது நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. பிறருக்குத் தீங்கு வருகிறதா என்றும் பார்த்தார்.

ஆனால் ஊரிடம் வாய் மூடியிருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. டேர்டெவில் என்ற வீரனின் கதை அதைக் காட்டுகிறது. அவன் உண்மையில் மாட் மர்டாக் என்னும் கண்பார்வை இல்லாத வக்கீல். 2002-இல் வந்த கதையில் ஒரு பத்திரிகை அவனுடைய இரகசியத்தை வெளியிட்டுவிடுகிறது. அவன் மறுக்கிறான். மறுத்ததோடு நில்லாமல் பத்திரிகைமீது வழக்குப் போடுகிறான். இதுவரை மௌனமாக இருந்த இரகசியம், இப்போது உண்மை சொன்னவனைப் பொய்யன் என்று கோர்ட்டில் நிறுத்துகிறது. நியாயத்துக்காக வாழ்கிற வக்கீல், நியாயஸ்தலத்தையே தன் முகமூடியாக்கிக்கொள்கிறான். இரகசியம் பிறர் தலையில் பழியைச் சுமத்தத் தொடங்கும்போது அது தர்மத்தின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2014-இல் வந்த கதையில் சாட்சிக் கூண்டில் சத்தியப் பிரமாணம் செய்து, ஆம், நான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டான். நியூயார்க்கில் வக்கீல் தொழில் செய்யும் உரிமை போயிற்று. இந்த முறை விலையைத் தானே கொடுத்தான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

சூப்பர்மேனும் கடைசியில் பேசினான். முதலில் வீட்டில். 1990-இல் லோயிஸிடம் கிளார்க்காகவே நின்று மணம் பேசினான். அவள் சம்மதித்த பிறகு, 1991 தேதியிட்ட இதழில் உண்மையைச் சொன்னான். அவள் கிளார்க்கை ஏற்றுக்கொண்டபோது சூப்பர்மேன் அந்தப் பேச்சிலேயே இல்லை என்பது எவ்வளவு அழகு! சம்மதம் கேட்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கலாம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் தாலி ஏறும் முன் சொன்னானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். திருமணம் 1996-இல் நடந்தது. பிறகு 2019-இல் உலகத்துக்கே தன் பெயரை அறிவித்தான்.

இனிமேல்தான் ஒரு விசித்திரம். தொடர்கதை எழுதுகிறவனுக்குத் தெரியும், திறந்த இரகசியத்தை மூட வழி கிடையாது என்று. ஆனால் பழைய நிலைமை திரும்பினால்தான் கதை ஓடும் என்று இந்தப் பதிப்பாளர்கள் நினைத்தார்கள். மூடுவதற்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஸ்பைடர்மேன் கதையில் மெஃபிஸ்டோ என்னும் சைத்தானை! அத்தையின் உயிருக்கு விலையாகப் பீட்டர், மேரி ஜேன் இருவருடைய திருமணத்தையே வாங்கிக்கொண்டு, உலகத்தின் நினைவையும் அவன் துடைத்தான். சூப்பர்மேன் கதையில் 2022-இன் இறுதியில் உலகத்தை மறக்கச் செய்தவன் அவனுடைய பரம வைரி லெக்ஸ் லூதர். டேர்டெவிலுக்கு மட்டும் அவனிடம் நன்றி கொண்ட சிறுவர்கள் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். அதுவும் அவன் கேளாமலே. ஒருமுறை அறிந்ததை அறியாமல் செய்வது நல்லவர்கள் விரும்பிச் செய்கிற காரியம் அல்ல என்று எழுதியவர்களுடைய மனச்சாட்சியே சொல்லியிருக்கிறது போலும்.

2021-இல் வந்த ஸ்பைடர்மேன் திரைப்படம் இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. உலகைக் காக்க வேண்டுமானால் பீட்டர் பார்க்கர் என்று ஒருவன் இருந்ததையே எல்லோரும் மறக்க வேண்டும். அவனே அதைக் கேட்கிறான். பிரிகிற நேரத்தில் காதலி அவனிடம் வாக்கு வாங்குகிறாள்: என்னைத் தேடி வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று. அவனும் போகிறான். அவள் வேலை செய்யும் கடையில் நிற்கிறான். அவள் நெற்றியில், தன்னோடு இருந்தபோது பட்ட காயத்தின் கட்டைப் பார்க்கிறான். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுகிறான்.

பார்க்கிறவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். விட வேண்டிய இடம்தான். தன் சுகத்தைத் துறந்திருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வாக்கு வாங்கியவள் அவள். ஆபத்து இன்னதென்று தெரிந்தே வாங்கினாள். அந்த வாக்கை ரத்து செய்யும் அதிகாரத்தை அவனுக்குக் கொடுத்தவர் யார்? தியாகம் செய்கிறவன் தன்னுடையதைத் துறக்கலாம். அவளுடைய தேர்வையும் சேர்த்துத் துறந்துவிட அவனுக்கு உரிமை உண்டா?

பறக்கிறவர்களின் கதைதானே என்று புத்தகத்தை மூடிவிட முடியவில்லை. டாக்டர் சொன்னதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, சாதாரண வாயுத் தொல்லைதான் என்று வீட்டில் சிரிக்கிற கணவர்கள் இருக்கிறார்கள். வேலை போன பிறகும் தினமும் காலையில் டிபன் பாத்திரத்தோடு புறப்பட்டுப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிற அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டிவிட்டு, பெட்டியில் இருக்கிறது என்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். கேட்டால் எல்லோரும் முகமூடி வீரனின் பதிலையே சொல்வார்கள்: 'அவர்கள் தாங்கமாட்டார்கள்.'

தாங்குவார்களா மாட்டார்களா என்பதை அவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்? அத்தை மே தாங்கினாள். லோயிஸ் தாங்கினாள். நம்மைவிட அவர்கள் பலவீனமானவர்கள் என்று முடிவு கட்டிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் சூட்டிவிடுகிறோம். ஊருக்கு நாம் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நம்மால் வரக்கூடிய அடி யார்மேல் விழுமோ, அவர்களுக்கு மட்டுமாவது நம் உண்மையான முகத்தைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். அதுவும் அடி விழுவதற்கு முன்னாலேயே.