கடைசிப் பக்கத்தைச் சொல்லலாமா?

துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்குள் ஒரு விசித்திரமான ஒழுக்கம் உண்டு. தாம் படித்த நாவலைச் சிநேகிதருக்குச் சிபாரிசு செய்யும்போது எல்லாவற்றையும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்லமாட்டார்கள். பங்களா எப்படி இருந்தது, மழை எப்படிப் பெய்தது, பிணம் எந்த அறையில் கிடந்தது, போலீஸ் இன்ஸ்பெக்டர் எவ்வளவு மடையர் என்பதையெல்லாம் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, "மேலே என்னைக் கேட்காதீர்கள், படித்துப் பாருங்கள்" என்று புத்தகத்தைக் கையில் திணித்துவிடுவார்கள். இதற்குச் சட்டம் கிடையாது. மீறினால் தண்டனையும் கிடையாது. வாங்கிய கடனை மறந்துவிடுகிறவர், வீட்டில் இருந்துகொண்டே 'இல்லை' என்று சொல்லச் சொல்கிறவர் கூட இந்த ஒரு விஷயத்தில் வாக்குத் தவறுவதில்லை.

இது வெறும் விளையாட்டு மரியாதைதானா? அல்லது தர்மம் என்று சொல்லத்தக்கது ஏதாவது இதற்குள் இருக்கிறதா? வெகு நாள் வரை நான் இந்தக் கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தும்படியாக ஒரு சம்பவம் நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். துப்பறியும் கதையைப் பற்றிய கட்டுரையில் அதுதானே முறை?

இந்த மரியாதையைப் பிரமாணமாகவே எடுத்துக்கொண்டவர்கள் ஆங்கிலேயர்கள். 1930-ல் லண்டனில் துப்பறியும் கதாசிரியர்கள் கூடி 'டிடெக்ஷன் கிளப்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். அகதா கிறிஸ்டி, டாரதி ஸேயர்ஸ், கத்தோலிக்கப் பாதிரியாரான ரொனால்ட் நாக்ஸ் முதலியவர்கள் அங்கத்தினர்கள். ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிடுவதும், தொழிலைப் பற்றி அரட்டை அடிப்பதும்தான் அவர்கள் கூடியதன் முக்கிய நோக்கம். ஆனால் புதிதாகச் சேருகிறவர் மண்டையோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என் கதையில் துப்பறிகிறவன் தன் புத்தியைக் கொண்டே குற்றவாளியைப் பிடிப்பான். தெய்வ வாக்கும் தற்செயலும் அவனுக்குக் கைகொடுக்கா. முக்கியமான தடயம் எதையும் வாசகனிடமிருந்து மறைக்க மாட்டேன். சக அங்கத்தினர் அச்சேறுமுன் என்னிடம் சொன்ன கதையைத் திருடவும் மாட்டேன், குடிபோதையிலும் வெளியிடவும் மாட்டேன். சத்தியத்தின் சாரம் இது.

அதற்கு முந்தின வருஷம், 1929-ல், நாக்ஸ் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதியிருந்தார். துப்பறிகிறவனுக்கு அதிர்ஷ்டம் உதவக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நம் தேவனின் துப்பறியும் சாம்பு அந்தச் சங்கத்து வாசற்படியை மிதித்திருக்க முடியாது. அவன் கண்டுபிடித்ததெல்லாம் அதிர்ஷ்டத்தால்தானே?

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எழுதுகிறவனுக்குக் கட்டளை, 'வாசகனிடம் எதையும் மறைக்காதே' என்பது. படித்தவனுக்குக் கட்டளை, 'அடுத்த வாசகனிடம் மறை' என்பது. இரண்டும் நேர் எதிர் போலத் தோன்றினாலும் காப்பாற்றுவது ஒரே ஆளைத்தான். இன்னும் படிக்காத அந்த ஒருவனைத்தான்.

அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் லண்டனில் 1952 நவம்பர் 25-ல் தொடங்கியது. கொள்ளை நோய்க்காக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2021 மே மாதம் மறுபடி நடிக்கப்பட்டது. நாடகம் முடிந்ததும் நடிகர்களில் ஒருவர் முன்னால் வந்து, "இரகசியத்தை உங்கள் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சபையோரைக் கேட்டுக்கொள்வது சம்பிரதாயம். ஊர் பேர் தெரியாத லட்சக்கணக்கான ஜனங்கள் எழுபது வருஷமாக இந்த வேண்டுகோளை ஏற்று வந்திருக்கிறார்கள் என்றால், மனித சுபாவத்தைப் பற்றி நமக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயமே ஏற்படுகிறது. ஒரு கலைக்களஞ்சியம் அந்த முடிவை அச்சமில்லாமல் வெளியிட்டது. 2010-ல் கிறிஸ்டியின் பேரர் வருத்தப்பட்டார். உள்ளதைச் சொல்வதே கலைக்களஞ்சியத்தின் கடமை என்று வெளியிட்டவர்கள் தரப்பில் வாதித்தார்கள். யார் பக்கம் நியாயம்? சொன்னது பொய் அல்ல. உண்மையைச் சொன்னதற்காக ஒருவரைக் கோபிக்கலாமா?

இன்னும் பலமான ஆட்சேபங்கள் உண்டு. அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை' 1926-ல் வெளிவந்தபோது, அதன் முடிவு நியாயமானதுதானா என்று பெரிய தர்க்கம் நடந்தது. அந்த நாவலைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் நானே குற்றவாளி ஆவேன். எட்மண்ட் வில்ஸன் என்ற அமெரிக்க விமர்சகர் 1945-ல், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி எல்லோரையும் பரிகாசம் செய்தார். 2011-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸான் டியாகோ கிளையைச் சேர்ந்த மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு பரீட்சை நடத்தினார்கள். சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும், சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்தவர்களே பொதுவாகச் சற்று அதிகம் ரசித்தார்கள். துப்பறியும் கதைகளிலும் அப்படித்தான்! நமக்கு இது புதிதா என்ன? ராவணன் சாவான் என்பது தெரியாமல் ராமாயணக் கதை கேட்கப் போனவர் யார்?

அப்படியானால் நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டமில்லாத இடத்தில் குற்றம் ஏது?

எனக்குத் தோன்றுவது இதுதான். சின்னக் குழந்தை தட்டுத் தடுமாறித் தன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொள்கிறது. நாம் குனிந்து போட்டுவிடுகிறோம். சட்டை முன்னைவிடச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை ஓவென்று அழுகிறது. குழந்தைக்கு நஷ்டமா லாபமா என்று கணக்குப் பார்த்துச் சமாதானம் சொல்ல முடியாது. அது செய்துகொண்டிருந்த காரியத்தைக் கேளாமல் பிடுங்கிக்கொண்டோம், அதுதான் குற்றம். 'எனக்குத் தெரிந்துவிட்டது' என்பதனாலேயே 'உனக்கும் நான் சொல்லிவிடலாம்' என்று ஆகிவிடாது. சிநேகிதம் என்பது தெரிந்ததைப் பகிர்ந்துகொள்வது மட்டும் அல்ல. தெரிந்ததை நாக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு, மற்றவன் தானாக வந்து சேரும் வரையில் காத்திருப்பதும் சிநேகிதம்தான்.

இதுவரை எல்லாம் சுலபம். இனி, சொல்வதாகச் சொன்ன சம்பவம்.

இருபது வருஷத்துக்கு முன் நான் இருந்த ஊரில் சைக்கிள் கடையை ஒட்டி ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் அதன் வாசல் பெஞ்சியில் ஐந்து பேர் கூடுவோம். பாங்குக் காஷியர் ஒருவர், ஹோமியோபதி டாக்டர் ஒருவர், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர், எண்பதை நெருங்கிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், எல்லோருக்கும் இளையவனாக நான். டாக்டருக்கு ஷெர்லக் ஹோம்ஸ், காஷியருக்கு ராஜேஷ்குமார், குமாஸ்தாவுக்கு அகதா கிறிஸ்டி, எனக்கு சுஜாதா. வாத்தியாருக்குப் பேதமே கிடையாது. தமிழ்வாணனின் சங்கர்லாலிலிருந்து எல்லாம் படிப்பார். யார் எதைப் படித்தார், அடுத்து யார் எதைப் படிக்க வேண்டும் என்று பேசி முடிவதற்குள் இரண்டு தடவை டீ வந்துவிடும்.

ஒரு வருஷம் எங்கள் பெஞ்சிக்குச் சோதனை வந்தது. புத்தகத்தை எடுத்தால் முதல் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை, பெயர் மட்டும். இருநூறு பக்கம் படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, கொலையாளி அவன்தான் என்று. அடுத்த வாரம் இன்னொரு புத்தகம், பிறகு இன்னொன்று. எங்களுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

நாங்களோ நூற்றுக்கணக்கான நாவல்கள் படித்தவர்கள். துப்பறியாமல் இருப்போமா? கடைக்காரரின் நோட்டைப் புரட்டினோம். பென்சில் குறி இருந்த புத்தகம் ஒவ்வொன்றிலும் குமாஸ்தாவின் பெயர் இருந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். 'ஐம்பதாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்' என்று பெருமை அடித்துக்கொள்ளும் சுபாவமும் உண்டு. போதாதா? டாக்டர் ஜாடையாகக் கேட்டார். குமாஸ்தா, "நான் இல்லை, ஸார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றவாளி அப்படித்தான் சொல்வான் என்று நாங்கள் தீர்மானித்தோம். பெஞ்சியில் அவருக்கு இடம் சுருங்கியது. டீ நாலு கிளாஸ்தான் வந்தது. பிறகு அவர் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு புத்தகம் வாங்கி வர வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவர் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிறிதும் பதறவில்லை.

"வயசாகிவிட்டது, தம்பி. படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்து வந்துவிடுகிறேன். முடித்ததும் இவன் பெயரைக் குறித்து வைத்துவிட்டால், அடுத்த தடவை பார்த்தவுடன் கதை ஞாபகம் வந்துவிடும் பார்" என்றார்.

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். குமாஸ்தாவை எங்களோடு சேர்ந்து கண்டித்தவர்தானே அவரும்?

"அப்படியானால் அது நான்தானா?" என்றார், வெகு மெதுவாக.

சற்று நேரம் கழித்து, மறதி விஷயம் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது என்றும், தெரிந்தால் தனியாக வெளியே விடமாட்டார்கள், சனிக்கிழமையும் போய்விடும் என்றும் சொன்னார். "குமாஸ்தாவிடம் சொல்லிவிடு; மற்றவர்களிடம் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

அன்று இரவு குமாஸ்தா வீட்டுக்குப் போய், எங்கள் தீர்ப்பு தப்பு என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"பெயரைச் சொல்லாதீர்கள், தம்பி. மூன்றாவது புத்தகத்திலேயே எனக்குத் தெரியும். ஆறாம் கிளாஸில் எனக்கு எழுத்துத் திருத்தியவர் அவர்தானே? அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. சந்தேகமே தோன்றாத ஆளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நூறு நாவல்களில் படித்தவர்கள் நாங்கள். கடைக்காரரின் நோட்டில் ஒவ்வொரு புத்தகத்திலும் வாத்தியாரின் பெயரும் இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது படவில்லை. சாம்புவுக்காவது அதிர்ஷ்டம் இருந்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. அதைவிடப் பெரிய பிசகு வேறு. தீங்கு என்று ஒன்று நடந்தால் அதைச் செய்த கெட்டவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்று நாவல்கள் எங்களைப் பழக்கியிருந்தன. வாழ்க்கையில் சில சமயம் தீங்கு இருக்கிறது, கெட்டவன் இல்லை. முதுமை இருக்கிறது, மறதி இருக்கிறது, ஒரு பென்சில் இருக்கிறது. அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது புத்தியின் காரியம். கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பது வேறு காரியம். அதற்குப் புத்தி மட்டும் போதாது. ஷெர்லக் ஹோம்ஸ் கூடச் சில கதைகளில் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு போகவிட்டிருக்கிறார். எந்தக் கதைகள் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் குமாஸ்தா செய்தது முழுக்கச் சரி என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. அவர் வாய் திறக்காததால் ஒரு கிழவரின் கௌரவம் பிழைத்தது. அதே சமயம், நாங்கள் நாலு பேர் எட்டு மாத காலம் அநியாயக்காரர்களாக இருக்கும்படி நேர்ந்தது. "எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே" என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்தேன்" என்றார். கோபத்தில் சொன்னாரா, சிநேகிதத்தில் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம்.

டாக்டரிடமும் காஷியரிடமும், "செய்தவர் குமாஸ்தா அல்ல, யார் என்று கேட்காதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் துப்பறியும் கதை படிக்கிறவர்கள் அல்லவா? கேட்கவில்லை. குமாஸ்தாவைப் போய் அழைத்து வந்தார்கள். மறுபடி ஐந்து கிளாஸ் டீ வந்தது. அதன் பிறகு வாத்தியார் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் குமாஸ்தா பக்கத்தில் நின்றுகொண்டு, "இது அவ்வளவு நன்றாயில்லை, ஐயா. அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். படித்த புத்தகம் என்று ஒரு தடவை கூடச் சொல்லமாட்டார்.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. அதனால்தான், ஊர் பேர் சொல்லாமல் இதை எழுதத் துணிந்தேன். கடையை மூடியபோது விலைக்கு வாங்கிய சில புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றிரண்டில் அந்தப் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. சிநேகிதர்கள் இரவல் கேட்டால் வேறு புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன்.