கதவு நிலையில் கட்டெறும்பு

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்ப்புறத்து ஓட்டு வீடுகளில், கதவு நிலையிலும் பனங்கையிலும் எறும்புச் சாரி தோன்றுவதைக் காண்கிறோம். மருந்தடித்து ஒழித்தல் எளிது. ஆயின் அணுவிரதம் பூண்ட இல்லறத்தார்க்கு அது தகுமா என்பதே வினா.

தொல்காப்பிய மரபியல் எறும்பையும் கறையானையும் மூவறிவுயிர்களுள் வைக்கிறது. நம் ஆகமமும் எறும்பை மூன்று பொறியுடையதென்றே கொள்ளும். இல்லறத்தார் முற்றத் துறந்தவரல்லர். சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை ஆகியவற்றை அவர்கள் முழுதும் விலக்க இயலாது. கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையை மட்டும் அறவே விலக்குதல் வேண்டும்.

"உத்தரம் சாய்ந்தால் குழந்தைகள் மேலன்றோ விழும்? எறும்பைக் கொல்வது விரோத இம்சைதானே?" என்பர் சிலர். இதனை இகழ்ந்து தள்ளலாகாது. வீட்டாரைக் காத்தலும் அறமே. ஆயினும் மரத்தைக் கெடுத்தது யார் என்று முதலில் ஆராய்வோம்.

கறையான் மண்கூடு கட்டி வந்து மரத்தைத் தின்னும். கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை. அவ்வினத்துள் பல மரத்தடி மண்ணில் வாழ்வன. சில நனைந்து இற்ற மரத்தைக் குடைந்து உறையும். நிலையின் அடியில் மரத்தூள் குவிதலும், சிறகெறும்புகள் வீட்டினுள் புறப்படுதலும் அதன் அறிகுறிகள். சிறகெறும்புக்கு இடை சிறுத்து, முன்சிறகு நீண்டிருக்கும். ஈசலுக்கு நான்கு சிறகும் ஒத்த நீளமுடையன.

ஆகவே மரத்தை முதலில் கெடுத்தது ஒழுகும் ஓடு. அதனைக் கவனியாதது வீட்டாரின் சோர்வு. பிரமாதம் எனும் இச்சோர்வையே தத்துவார்த்த சூத்திரம் இம்சையின் வேராகக் கருதுகிறது. மேலும், எறும்பைக் கொல்வதால் இற்ற மரம் வலுப்பெறாது. மரத்தை மாற்றியே தீர வேண்டும். குழந்தைகளைக் காப்பது அதுவேயன்றிக் கொலையன்று. எனவே இதனை விரோத இம்சை என்றல் பொருந்தாது. இனிப்பில் போரிக் அமிலம் கலந்து வைத்தலோ இன்னும் கொடிது. உழைப்பெறும்பு அதனைக் கூட்டுக்குக் கொண்டுசென்று புழுக்களுக்கும் தாயெறும்புக்கும் ஊட்ட, கூட்டமே மடியும். இது சங்கற்பமன்றி வேறென்ன?

செய்யத்தக்கன இவை: உடைந்த ஓட்டை மாற்றுக. சுவரைத் தொடும் கிளைகளைக் கழிக்க. விறகைச் சுவரோரம் அடுக்காதொழிக. இனிப்புப் பண்டங்களை இறுக மூடுக. சாரி இல்லாத வேளை பார்த்து அதன் தடத்தைத் துடைக்க. மணம் அழிந்தால் வழியும் மறையும். இற்ற மரத்தை மெல்லக் கழற்றித் தோப்பில் வைத்தால், எறும்புகள் தாமே வேறிடம் தேடும்.

இத்தனை செய்தும் சில உயிர் மடியலாம். அதற்குப் பிரதிக்கிரமணம் உண்டு. ஆனால் அதனை நம்பிச் சோர்ந்திருத்தல் கூடாது. கூலியும் நாளும் சற்று மிகுதியாகும். விரதம் பூண்டோர் அதனை ஏற்கத்தான் வேண்டும். புரட்டாசி முடியுமுன்னரே ஏணி வைத்து ஓட்டைப் பார்த்துவிடுவோமாக.